மேல்மலையின் குளிர் யாருடைய சொத்து?

கொடைக்கானலுக்கு ஒரு நாளில் எத்தனை வண்டிகள் ஏறலாம் என்பதற்கு 2025-இல் ஒரு கணக்கு வந்தது. வார நாள் என்றால் 4,000. வாரக் கடைசி என்றால் 6,000. 2024 மே 7-ஆம் தேதி முதல் இ-பாஸ் முறையைக் கொண்டுவரச் செய்த சென்னை உயர் நீதிமன்றம், 2025 கோடைக்கு இந்த உச்சவரம்பையும் விதித்தது. தேவையான உத்தரவுதான். மே மாதத்து ஞாயிற்றுக்கிழமையில் பெருமாள்மலைக்கும் வெள்ளி நீர்வீழ்ச்சிக்கும் இடையே நகராமல் நிற்கும் வண்டி வரிசையில் ஒருமுறை அகப்பட்டவர் யாரும் அதை எதிர்த்துப் பேசமாட்டார். ஆனால் அந்தக் கணக்கு நகரத்தின் வாசலோடு நின்றுவிடுகிறது. ஏரியைச் சுற்றி, தூண்பாறையில் மேகம் விலகக் காத்திருந்து, குணா குகைக் கம்பிவேலியில் சாய்ந்து படமெடுத்து முடித்த வண்டிகள் அடுத்து எங்கே போகின்றன என்பதை எந்த வரம்பும் சொல்வதில்லை. அவை மேல்மலைக்குப் போகின்றன.

பழனி மலைத்தொடரை அங்கே உள்ளவர்கள் இரண்டாகப் பிரித்துச் சொல்வார்கள். தாண்டிக்குடி, பண்ணைக்காடு என்று காப்பியும் வாழையும் மிளகும் விளையும் பக்கம் கீழ்மலை. கொடைக்கானலைத் தாண்டி மேற்கே பூம்பாறை, கூக்கால், மன்னவனூர், கவுஞ்சி, போளூர், கிளாவரை என்று கேரள எல்லை வரை நீளும் பக்கம் மேல்மலை. இதில் முதலில் வருவது பூம்பாறை. நகரத்திலிருந்து சுமார் 20 கி.மீ.; கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரம். சாலையின் ஒரு வளைவில் வண்டியை நிறுத்தினால் ஊர் முழுவதும் கீழே தெரியும். தகரக் கூரைகள், நடுவே குழந்தை வேலப்பர் கோயில், சுற்றிலும் மலைச்சரிவை வரிவரியாக வெட்டிய அடுக்கு நிலங்கள். கைப்பேசியில் நீங்கள் பார்த்திருக்கும் பூம்பாறை, பெரும்பாலும் அந்த வளைவிலிருந்து எடுத்த பூம்பாறைதான்.

அந்தப் படத்தில் ஊர் அழகாக இருக்கிறது; சிறியதாக இருக்கிறது; ஆட்கள் தெரிவதில்லை. மேல்மலையைப் பற்றி நாம் எடுக்கும் முடிவுகள் எல்லாமே அந்த வளைவிலிருந்து பார்த்து எடுத்தவை போலத்தான் இருக்கின்றன என்பது என் புகார். குளிரை நாம் சுற்றுலாச் சரக்காகப் பார்க்கிறோம். மேல்மலைக்காரருக்கு அது வேளாண் முதல். மண், தண்ணீர் என்ற வரிசையில் மூன்றாவதாக வைக்க வேண்டியது. இந்த இரண்டு பார்வைக்கும் நடுவே நடக்கும் இழுபறியில் இப்போதைக்கு முதல் பார்வைதான் ஜெயித்துக்கொண்டிருக்கிறது.

முதலில் ஒரு வரலாற்றுக் குறிப்பு. கொடைக்கானல் வந்த பிறகு அதைச் சார்ந்து முளைத்த கிராமங்கள் இவை என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நடந்தது நேர் எதிர். அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டியது 1845-இல். லெவிஞ்சு துரை ஓடையை மறித்து ஏரி அமைத்தது 1863-இல். வார்டு என்ற ஆங்கில அதிகாரி 1821-இல் இந்த மலைகளை அளக்க வந்தபோதே இங்கே ஊர்களும் வயல்களும் இருந்தன. தாராபுரம், காங்கேயம் பக்கத்திலிருந்து மூன்று நான்கு நூற்றாண்டுகளுக்கு முன் மலையேறி வந்தவர்கள் குன்னுவர்கள் என்று 1906-இல் வெளியான மதுரை மாவட்ட கெசட்டியர் பதிவு செய்கிறது. அவர்களுக்கும் முன்பிருந்தே காடுகளில் பளியர்கள் இருந்தார்கள். பூம்பாறை வேலப்பர் சிலையைப் போகர் செய்தார் என்பது ஊர் நம்பிக்கை. கோயில் இன்று பழனி தேவஸ்தானத்தின் உபகோயில். ஆக, நகரம்தான் இங்கே வந்தேறி. கிராமங்கள் அதற்குப் பல தலைமுறை மூத்தவை. மூத்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கும் வழக்கம் மட்டும் நிர்வாகத்துக்கு இல்லை.

அடுக்கு நிலத்துக்கு வருவோம். உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ், பட்டாணி எல்லாம் உண்டு. லாரியேறி ஒட்டன்சத்திரத்துக்கும் மதுரைக்கும் போகின்றன. ஆனால் பூம்பாறையின் பெயர் பூண்டில்தான் இருக்கிறது. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கொடைக்கானலில் இருக்கும் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் அதற்காக முயன்று விண்ணப்பித்தது. பூண்டு குளிர் கேட்கும் பயிர். ஊன்றிய பல்லுக்குப் போதுமான நாட்கள் தாழ்ந்த வெப்பம் கிடைக்காவிட்டால் செடி தழைக்கும். ஆனால் அடியில் குண்டு பல்பல்லாகப் பிரியாது, ஒற்றை உருண்டையாக நின்றுவிடும். மேல்மலையில் அந்தக் குளிர் இலவசமாகக் கிடைத்துவந்தது. அறுத்த பூண்டைத் தாளோடு சேர்த்துக் கட்டி, அடுப்புப் புகை படும் இடத்தில் தொங்கவிடுவார்கள். புகை பட்ட பூண்டு மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும். உரித்தால் கை காரம் அடுத்த நாள் வரை போகாது. பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சமையல் செய்யும் வீடுகளில் மலைப்பூண்டைத் தேடி வாங்குவது இன்றும் இருக்கிறது.

புகை இன்னொரு வேலையும் செய்தது: விற்காமல் வைத்திருக்கும் பலத்தை விவசாயிக்குக் கொடுத்தது. விலை சரியில்லை என்றால் பூண்டு பரணில் கிடக்கட்டும், அடுத்த மாதம் பார்க்கலாம் என்று சொல்ல முடிந்தது. விறகடுப்பு போய் எரிவாயு வந்தது நல்லதுதான். அம்மாமார்களின் நுரையீரலைக் கேட்டால் தெரியும். ஆனால் புகைப் பரணுக்குப் பதிலாக ஊரில் ஒரு பொது உலர்த்துக் கூடம் வந்திருக்க வேண்டும். அப்படி ஒன்று இல்லாத இடத்தில் மூட்டை அறுவடையோடு நேராகப் பெரியகுளம் பக்கத்து வடுகபட்டிக்கு இறங்குகிறது. வடுகபட்டி பெரிய பூண்டுச் சந்தை. அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் விதைப்பூண்டுக்கு முன்பணம் வாங்கியவர் முன்பணம் கொடுத்தவரின் மண்டியில்தான் மூட்டையை இறக்க வேண்டும் என்பது எந்த ஊர்ச் சந்தைக்கும் பொதுவான எழுதாத சட்டம். 2024 தொடக்கத்தில் கடைகளில் பூண்டு கிலோ 400 ரூபாயைத் தாண்டியபோது கையில் சரக்கை வைத்திருந்தவர் பிழைத்தார். முந்தியே இறக்கியவர் செய்தித்தாளில் விலையைப் படித்தார்.

அதே 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற இன்னொரு பொருள் பழனி பஞ்சாமிர்தம். மலையில் பூண்டு, அடிவாரத்தில் பஞ்சாமிர்தம். பஞ்சாமிர்தத்துக்குத் தேவஸ்தானம் இருக்கிறது, ஆலை இருக்கிறது, கவுன்டர் இருக்கிறது. டப்பாவின் மேல் பெயர் இருக்கிறது. அதை வாங்கும் பக்தருக்குத் தான் வாங்குவது அசல் என்று தெரியும். மலைப்பூண்டுக்கு இதில் ஒன்றுமே இல்லை. மத்தியப் பிரதேசத்துப் பூண்டும் ராஜஸ்தான் பூண்டும் கொடைக்கானல் கடைவீதியிலேயே மலைப்பூண்டு என்ற அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியும், கேட்பார் இல்லை. சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டுவதோடு அரசின் வேலை முடிந்துவிடாது. குறியீட்டைப் பயன்படுத்தப் பதிவு செய்த விவசாயிகள், அவர்கள் பெயரில் மூட்டை, அந்த மூட்டையை விற்க ஓர் இடம் என்று மூன்றும் வேண்டும். வேலப்பர் கோயில் பழனியின் உபகோயில் என்றால், வேலப்பர் ஊர்ப் பூண்டுக்குப் பழனியில் ஒரு கவுன்டர் ஒதுக்குவதில் என்ன தடை என்று எனக்குப் புரியவில்லை. நைவேத்தியத்துக்குப் பூண்டு ஆகாது என்று யாராவது ஆட்சேபிக்கலாம். கோயிலுக்குள் வேண்டாம், பேருந்து நிலையத்தில் வைத்துக்கொள்ளலாம்.

வேடிக்கை ஒன்று உண்டு. மலைத்தொடரின் மறுசரிவில் கேரளத்தின் காந்தல்லூரும் வட்டவடையும் இருக்கின்றன. தமிழ் பேசும் குடும்பங்கள், இதே அடுக்கு நிலம், இதே குளிர், இதே பூண்டு. அந்தப் பூண்டுக்கும் பிற்பாடு தனியாகப் புவிசார் குறியீடு வாங்கிவிட்டார்கள். ஒரே மலையின் பூண்டுக்கு இரண்டு மாநிலங்கள், இரண்டு சான்றிதழ்கள்.

குளிர் சும்மா வருவதில்லை. உயரம் மட்டும் காரணம் என்றால் மேல்மலையைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை; உயரத்தை யாரும் திருடிக்கொண்டு போக முடியாது. இங்கே வானமும் நிலமும் சேர்ந்து வேலை செய்கின்றன. மார்கழி, தை மாதங்களில் மேகமில்லாத, காற்றில்லாத இரவில் திறந்த நிலம் தன் சூட்டை விரைவாக இழக்கிறது. குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. விடியற்காலையில் பள்ளத்துப் புல்லின் நுனியெல்லாம் வெள்ளையாக உறைபனி. அந்த உறைபனியில் உருளை இலை கருகிவிடும். விவசாயிக்கு அது எதிரி. ஆனால் அதே உறைபனிதான் இந்த மலையின் நிலப்படத்தை வரைந்தது. சோலைக்காட்டு மரங்களின் நாற்று திறந்த வெளியில் உறைபனி தாங்காது. அதனால் சோலை, மடிப்புகளிலும் ஓடையோரங்களிலும் ஒதுங்கி நின்றது. சரிவும் மேடும் புல்லுக்கு. சோலையும் புல்லும் மாறிமாறி வரும் இந்த அமைப்பு ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இப்படியே இருந்திருக்கிறது. பெய்த மழையைப் புல்லின் வேர் பிடித்துச் சிறுகச் சிறுக விட, கோடையிலும் ஓடை வற்றாது. வடக்கே இறங்கும் தண்ணீர் அமராவதிக்குப் போய்க் காவிரியில் சேர்கிறது. தெற்கே இறங்குவது வைகைக்கு. பேரிஜம் ஏரியின் நீரைத்தான் பெரியகுளம் குடிக்கிறது. மேல்மலையின் புல்லைப் பற்றிப் பேசுவது மலைக்காரரின் தனிப்பட்ட விவகாரம் என்று சமவெளியில் இருப்பவர் யாரும் நினைக்க வேண்டாம்.

புல்லை ஆங்கிலேய அதிகாரி மரமில்லாத வெற்றிடமாகப் பார்த்தார். சுதந்திரத்துக்குப் பிறகு வந்த நம் அதிகாரியும் அப்படியே பார்த்தார். தோல் பதனிட டானின் வேண்டும். ஆஸ்திரேலியாவிலிருந்து வாட்டில் வந்தது. ரேயானுக்கும் காகிதத்துக்கும் கூழ் வேண்டும், யூகலிப்டஸ் வந்தது. பைனும் வந்தது. சோலை நாற்றை ஒடுக்கிய உறைபனி இந்த வாட்டிலை ஒன்றும் செய்யவில்லை. 1973-க்கும் 2014-க்கும் இடையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பழனி மலைகளின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்றது. பெரும்பகுதியை மரத்தோட்டமும், ஒரு பகுதியை விவசாயமும் எடுத்துக்கொண்டன. இந்த இரண்டாவதை மறைக்கக் கூடாது. மேல்மலை விவசாயியும் புல்லை வெட்டிக் கேரட் போட்டிருக்கிறார், அளவில்லாமல் மருந்தடித்திருக்கிறார், லாரி லாரியாகக் கோழி எரு இறக்கியிருக்கிறார். அவரைப் புனிதராக்கிப் பேசினால் இந்த வாதமே பொய்யாகிவிடும். ஆனாலும் அளவில் பெரிய குற்றம் அரசின் மரத்தோட்டம்தான்.

அந்தத் தோட்டங்களில் யார் வேலை செய்தார்கள் என்பது தனிக் கதை. 1964-இல் போட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து அனுப்பப்பட்ட தமிழர்களில் சில குடும்பங்களை மேல்மலையின் குண்டுப்பட்டிப் பக்கம் மரத்தோட்ட வேலைக்குக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். அங்கே தேயிலைக் குளிரில் இருந்தவர்களுக்கு இங்கே வாட்டில் குளிர். தோல் தொழிலுக்கு வேறு ரசாயனங்கள் வந்து, மரத்தின் தேவை குறைந்தபோது மரம் நின்றது, வேலை போனது. இன்று அந்தக் குடும்பங்கள் கூலிக்குப் போகும் காடுகளில் விளைச்சல் பொய்த்தால் முதலில் பட்டினி கிடப்பது நிலம் உள்ளவர் அல்ல. மேல்மலை விவசாயி என்று ஒட்டுமொத்தமாகச் சொல்லும்போது அடுக்கு நிலத்தின் சொந்தக்காரரும், அதில் களை எடுப்பவரும், காட்டில் தேனெடுக்கும் பளியரும் ஒரே படத்தில் கலந்துவிடுகிறார்கள். வளைவிலிருந்து எடுக்கும் படத்தின் கோளாறு இதிலும் இருக்கிறது.

புல் போனால் புல் தின்னும் விலங்கு எங்கே போகும்? காட்டுமாடு பீன்ஸ் காட்டுக்கு வருகிறது. கொடைக்கானல் பேருந்து நிலையத்துக்கே வருகிறது. ஒரு டன்னுக்கு நெருங்கிய எடை உள்ள விலங்கு ஓர் இரவு அடுக்கில் ஏறி இறங்கினால் பயிர் மட்டுமல்ல, கல்லணைப்பும் சரிகிறது. இழப்பீட்டுக்கு மனுப் போட்டு, படம் எடுத்து, அலுவலர் வந்து பார்த்து, கோப்பு நகர்ந்து பணம் வருவதற்குள் அடுத்த போகம் முடிந்திருக்கும். 2013-இல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டபோது கிராமங்களில் எழுந்த அச்சத்துக்கு இதுதான் அடிப்படை. விலங்குக்குச் சட்டம் வருகிறது, எங்களுக்கு என்ன வருகிறது என்ற கேள்வியை எளிதில் தள்ள முடியாது.

தமிழ்நாடு அரசு 2022-இல் அயல் தாவரங்களை அகற்றுவதற்கென்று ஒரு கொள்கை வெளியிட்டது. வரவேற்க வேண்டியது. ஆனால் மரத்தை வெட்டுவது எளிது. வாட்டிலின் விதை மண்ணுக்குள் பல்லாண்டு கிடக்கும். வெட்டித் திறந்துவிட்ட இடத்தில் வெயில் பட்டதும் கீரைப்பாத்தி போல முளைத்து நிற்கும். பழைய தோட்டங்களின் நிழலில் சில இடங்களில் சோலை நாற்றுகள் தாமாகவே வந்திருக்கின்றன. அங்கே ரம்பத்தோடு போனால் வந்ததும் போகும். ஆகவே மிச்சமிருக்கும் புல்வெளியின் ஓரத்தில் நுழைந்துகொண்டிருக்கும் இளவாட்டிலைக் கையால் பிடுங்குவதுதான் முதல் வேலை. செலவு குறைவு, கூலி ஊருக்குள்ளேயே நிற்கும். ஒப்பந்ததாரருக்கு விற்கக் கட்டை கிடைக்காது என்பது ஒன்றுதான் இதில் குறை, பெரிய குறை.

கொடைக்கானலில் சுற்றுலாப் பயணி கூட்டமாக நின்று படமெடுக்கும் இடங்களில் ஒன்று பைன் காடு. நூறாண்டுக்கு முன் பிரையண்ட் என்ற வன அதிகாரி நட்டது. நட்ட மரத்தை இயற்கை என்று காட்டி, இயற்கையான புல்லைத் தரிசு என்று பதிவேட்டில் எழுதிய மலை இது. மன்னவனூரில் மத்திய அரசின் ஆட்டு ஆராய்ச்சி மையத்தை ஒட்டிய புல்வெளிக்கு இப்போது கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். ஸ்விட்சர்லாந்து மாதிரி இருக்கிறது என்று மெய்மறக்கிறார்கள். மன்னவனூர் மாதிரி இருப்பது மன்னவனூர் மட்டுமே என்று சொல்ல நமக்கு ஏன் வாய் வருவதில்லை?

கூட்டம் வருவதற்கு இப்போதெல்லாம் சாலைகூட முதலில் வேண்டியதில்லை. ஒரு படம் போதும். 2024 பிப்ரவரியில் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ வந்தது. 1991-இல் வந்த ‘குணா’வால் பெயர் பெற்ற குகைக்கு மறுபடி வண்டிகள் திரண்டன. பூம்பாறைக்கு அப்படி ஒரு சினிமாவும் தேவைப்படவில்லை. முப்பது விநாடி ரீல்ஸ்கள் போதுமானவையாக இருந்தன. அதன் பிறகுதான் அடுக்கு நிலத்தின் நடுவே முக்கோணக் கூரைக் குடில்கள் முளைத்தன, கூடாரங்கள் வந்தன, இரவில் ஒலிபெருக்கி வந்தது. மலைப் பகுதிகளில் கட்டடம் கட்ட மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் அனுமதி வேண்டும் என்ற விதி 1990-இலிருந்து இருக்கிறது. விதி இருப்பது எல்லோருக்கும் தெரியும். விதியைத் தெரிந்தவரையும் எல்லோருக்கும் தெரியும்.

நிலத்தைக் குத்தகைக்கோ விலைக்கோ கொடுக்கும் விவசாயியைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஐந்து மாதம் பூண்டைப் பார்த்துக்கொண்டிருந்து, காட்டுமாடு மிதித்தது போக, மண்டி கழித்தது போகக் கிடைப்பதை, வாரக் கடைசியில் இரண்டு அறைக்குக் கிடைக்கும் வாடகையோடு அவர் ஒப்பிடத்தான் செய்வார். அவருடைய மகன் மதுரையில் படித்துவிட்டு வந்திருக்கிறான். எரு சுமக்க அவனுக்கு மனமில்லை. இருக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. ஊர்க்காரர் தன் வீட்டில் இரண்டு அறை ஒதுக்கி, தன் சமையலைப் போட்டு, நாலு காசு பார்ப்பது நல்லதே. சிக்கல் வேறு இடத்தில். அடுக்கு நிலம் வெளியூர்க்காரர் கைக்குப் போகும்போது போவது ஒரு வயல் மட்டும் அல்ல. மேல் அடுக்கில் ஓடும் வாய்க்கால் கீழ் அடுக்குக்கும் உரியது. மேலே கழிவுநீர்க் குழி வெட்டினால் கீழே ஊற்று கெடும். மேலே ஆழ்துளைக் கிணறு போட்டால் கீழே ஊற்றே இருக்காது. ஒருவரின் கல்லணைப்பு சரிந்தால் அடுத்தவரின் பயிர் புதையும். அடுக்கு நிலம் தனித்தனிப் பட்டாவில் இருந்தாலும் அதன் உயிர் பொதுவானது. ஒருவருக்கொருவர் முகம் தெரிந்தவர்கள் உழும்வரைதான் அது நிற்கும். வார இறுதிக்கு மட்டும் வருகிற முதலாளிக்கு வாய்க்கால் முறை தெரியாது. தெரிந்துகொள்ளும் அவசியமும் அவருக்கு இல்லை.

சாலையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். கிளாவரையிலிருந்து மலையைக் கடந்தால் வட்டவடை பக்கம்தான். நடந்தே போய்வந்த பாதை. பெண் கொடுத்து, பெண் எடுத்த உறவு. வண்டியில் போக வேண்டும் என்றால் உடுமலையோ போடியோ சுற்றி மூணாறு ஏறி இறங்க வேண்டும். பேரிஜம் வழியாக மூணாறுக்குப் போன பழைய சாலையும் 1990-இலிருந்து மூடிக் கிடக்கிறது. இணைப்புச் சாலை வேண்டும் என்ற மேல்மலையின் கோரிக்கை பழையது. நியாயமும் அதில் உண்டு. அவசரத்துக்கு ஒருவரை ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் வருவதற்குள், எதிரே ரீல்ஸ் எடுக்க வந்த வண்டிகளுக்கு வழிவிட்டு வழிவிட்டு உயிர் ஊசலாடும். ஆனாலும் இந்தச் சாலையை நான் ஆதரிக்க மாட்டேன், குறைந்தது இப்போதைக்கு. அது திறந்த அன்றே கொடைக்கானல்–மூணாறு ஒரே நாளில் என்று விளம்பரம் வரும். உறவு வீட்டுக்குப் போக விரும்பும் கிளாவரைக்காரர் அந்த வரிசையின் கடைசியில் நிற்பார். உள்ளூர்ப் பேருந்துக்கும் ஆம்புலன்ஸுக்கும் மட்டும் என்று திறக்க அரசுக்கு உறுதி இருந்தால் அன்றைக்குப் பேசலாம். இப்போதைய தேவை மேல்மலைக்குள்ளேயே இரவில் மருத்துவர் இருக்கும் ஒரு மருத்துவமனை. அது வந்தால் சாலைக் கோரிக்கையின் பாதி அவசரம் குறைந்துவிடும்.

இ-பாஸுக்குத் திரும்புவோம். அந்த விண்ணப்பத்தில் வண்டி எண், வரும் தேதி, தங்கும் நாள் எல்லாம் கேட்கிறார்கள். தங்கும் இடம் மேல்மலையில் என்றால் அந்த ஊரின் அனுமதி பெற்ற அறைதானா என்று பார்த்த பிறகே பாஸ் வழங்கும்படி செய்வது பெரிய தொழில்நுட்ப வித்தை அல்ல. நகரத்துக்கு நீதிமன்றம் போட்ட 4,000, 6,000 என்ற வரம்பை நடைமுறைப்படுத்த முடிந்த அரசுக்கு, பூம்பாறைச் சாலைக்கு ஒரு வரம்பு போட முடியாதா? இதில் ஊர் யாருக்கு அனுமதி தரும், எத்தனை அறைக்குத் தரும், எந்த அடுக்கில் கட்டடமே கூடாது என்பதை ஊர்தான் சொல்ல வேண்டும். அதற்கென்று கிராமசபை இருக்கிறது. ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டும் என்ற ஏற்பாடும் இருக்கிறது. ஊர் சொல்வதெல்லாம் சரியாகவே இருக்கும் என்று நான் உத்தரவாதம் தரவில்லை. குடில் முதலாளிகள் கிராமசபையையும் கவனித்துக்கொள்வார்கள். பளியரும் குண்டுப்பட்டிக் கூலிக்காரரும் பேசும்போது நாற்காலியில் இருப்பவர்கள் கேட்பார்களா என்பதும் சந்தேகமே. இருந்தாலும் மாவட்டத் தலைநகரில் உட்கார்ந்து ஒருவர் போடும் கையெழுத்தைவிட, முகம் பார்த்துப் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் எடுக்கும் முடிவு மேல்.

தடையும் அங்கேதான் இருக்கிறது. திண்டுக்கல் உள்ளிட்ட 28 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்கள், உறுப்பினர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, ஊராட்சிகள் தனி அலுவலர்களின் பொறுப்புக்குப் போயின. குடில்கள் மிக வேகமாக எழும் காலத்தில், அனுமதி கேட்கவோ மறுக்கவோ ஊரால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆள் ஒருவரும் இல்லாமல் மேல்மலை விடப்பட்டது. நீதிமன்றத்தின் முன் மலைக்காக வாதாடும் வழக்கறிஞர்கள் வண்டி எண்ணிக்கையோடு சேர்த்து இதையும் கேட்கலாம்: பூம்பாறையிலும் மன்னவனூரிலும் கவுஞ்சியிலும் ஊராட்சித் தேர்தலை நடத்தும் வரை, அடுக்கு நிலத்தில் புதிய தங்கும் கட்டடம் எதற்கும் அனுமதி கூடாது என்று ஓர் இடைக்கால உத்தரவு.